வாசகர் கேள்வி–பதில்: கூடி வாசிக்கப் புதிய நாடகங்கள்

கேள்வி: ஓய்வுபெற்ற ஆசிரியைகள் சிலர் மாதம் ஒருமுறை ஒருவர் வீட்டில் கூடி, பாத்திரங்களைப் பிரித்துக்கொண்டு ஆங்கில நாடகங்களை உரக்க வாசித்து வருகிறோம். டர்பனின் கேட்டோ மேனர் பகுதி வாழ்வை எழுதிய ரோனி கோவிந்தரின் நாடகங்களை வாசித்துவிட்டோம். இன்று எழுதிவருபவர்களுள் யாருடைய நாடகத்தை அடுத்து எடுக்கலாம்?
— ஒரு வாசகி, சாட்ஸ்வொர்த், தென்னாப்பிரிக்கா

பதில்: கேப் டவுனைச் சேர்ந்த ஏமி ஜெஃப்டாவின் ‘எ குட் ஹவுஸ்’ நாடகத்தையே முதலில் எடுங்கள் என்று தயங்காமல் சொல்வேன். 2025 ஜனவரியில் லண்டன் ராயல் கோர்ட் அரங்கில் மேடையேறிய நாடகம் அது. ஸ்டில்வாட்டர் என்னும் வசதியான குடியிருப்பில் திடீரென ஒரு குடிசை முளைத்துவிடுகிறது. அதை அகற்ற வேண்டும் என்று துடிக்கும் வெள்ளையர்கள், தாங்களே முன்னின்றால் பழி வருமே என்று அஞ்சி, அங்கே வசிக்கும் சிஹ்லே, போனோலோ என்னும் கறுப்பினத் தம்பதியரை முன்னே தள்ளப் பார்க்கிறார்கள். இனவாரியாகக் குடியிருப்புகளைப் பிரித்த 1950ஆம் ஆண்டின் குழுப் பகுதிகள் சட்டத்தின் பேரால் கேட்டோ மேனரிலிருந்து பெயர்த்தெடுக்கப்பட்டு, அறுபதுகளில் சாட்ஸ்வொர்த்துக்கு வந்து சேர்ந்த குடும்பங்கள் உங்கள் வட்டத்திலேயே இருக்கக்கூடும். கோவிந்தரின் எழுத்தில் நாம் வெளியேற்றப்பட்டவர்களின் பக்கம் நிற்கிறோம். ஜெஃப்டாவோ நம்மைச் சொந்த வீடு உள்ளவர்களின் நடுவில் உட்கார வைத்துவிடுகிறார். அந்த இடமாற்றத்துக்காகவே இந்த வரிசையில் இதை வாசிக்க வேண்டும் என்கிறேன். குடிசையை அகற்றும் பொறுப்பை யார் தலையில் கட்டுவது என்ற பேச்சு எழும் இடங்களை அவசரமின்றி வாசியுங்கள். மரியாதை குறையாத சொற்களுக்குள் ஒளிந்திருக்கும் நெருக்குதல் உரக்க வாசிக்கும்போதுதான் காதில் விழும்.

சென்னையில் வாழும் அனுபமா சந்திரசேகரின் ‘ஃப்ரீ அவுட்கோயிங்’ 2007இல் அதே ராயல் கோர்ட்டில் அரங்கேறியது. சற்று முந்தியதாயினும் இன்றும் சுடுகிற நாடகம். பள்ளி மாணவி தீபாவை ஒரு பையனுடன் கைப்பேசியில் பிடித்த படம் ஊரெங்கும் பரவ, தாய் மாலினியின் வீட்டு வாசலில் கூட்டம் திரள்கிறது. தீபா கடைசிவரை மேடைக்கே வருவதில்லை. அவளைப் பற்றி எல்லாரும் பேசுகிறார்கள், அவள் குரலை மட்டும் நாம் கேட்பதில்லை. பேத்திகளை வளர்க்கும் பெண்கள் கூடி வாசித்தால், புத்தகத்தை மூடிய பிறகும் பேச்சு நிற்காது என்பது உறுதி. எனவே அன்றைக்கு நேரத்தைத் தாராளமாக ஒதுக்கிக்கொள்ளுங்கள்.

எஸ். சக்திதரனின் ‘கவுன்டிங் அண்ட் கிராக்கிங்’ 2019இல் சிட்னியில் அரங்கேறிய பெரிய நாடகம். மேடையில் மூன்றரை மணி நேரம் நீள்வது. இலங்கையை விட்டு ஆஸ்திரேலியாவுக்கு வந்துவிட்ட ராதாவும் அங்கேயே வளர்ந்த மகன் சித்தார்த்தாவும், ராதாவின் தாயாருடைய சாம்பலை ஜார்ஜஸ் ஆற்றில் கரைக்கும் காட்சியோடு தொடங்குகிறது. புலம்பெயர்ந்த மண்ணின் ஆற்றில் மூத்தோருக்குக் கடன் கழித்த நம் குடும்பங்களுக்கு அந்தக் காட்சி ஒன்றே போதும். பாத்திரங்கள் மிகுதி என்பதால் ஒரே அமர்வில் முடிக்க முயலாமல், ஒவ்வொருவரும் தனியே முழுவதையும் படித்துவிட்டு, சில காட்சிகளை மட்டும் கூடி வாசிப்பது நல்லது.

நதியா டேவிட்ஸின் ‘வாட் ரிமெய்ன்ஸ்’, கேப் டவுனில் அடிமைகளின் இடுகாடு தோண்டப்பட்டு வெளிவந்ததைப் பற்றியது. நடனமும் கவிதையும் கலந்தது. வாய்ப்பு அமைந்தால் அரங்கில் பாருங்கள்.

கேள்வி: இவற்றில் ஒன்றை எங்கள் சங்க ஆண்டு விழாவில் நடிக்கலாமா?
— ஒரு வாசகர், ஃபீனிக்ஸ்

பதில்: நடிக்கலாம், ஆனால் நுழைவுச்சீட்டு விற்காவிட்டாலும் பொது மேடைக்கு எழுத்துபூர்வமான அனுமதி வேண்டும். புத்தகத்தின் முன்பக்கங்களில் உரிமைக்கு யாரை அணுகுவது என்று அச்சிட்டிருப்பார்கள். நம் நாட்டில் ஜோகனஸ்பர்க்கிலுள்ள டால்ரோ (DALRO) என்னும் படைப்புரிமை அமைப்பிடமும் விசாரிக்கலாம். ஒத்திகை தொடங்குவதற்கு முன்பே எழுதுங்கள். தமிழில் பெயர்த்து நடிப்பதானால், மொழிபெயர்ப்புக்கும் சேர்த்துக் கேளுங்கள்.