சீன அக்குபிரஷர் மசாஜை வீட்டிலேயே கற்று நமக்கு நாமே செய்துகொள்ள முடியுமா? வகுப்பில் சேர வேண்டுமா?

தாராளமாகக் கற்கலாம். ஆனால் உடம்பில் அழுத்த வேண்டிய இடங்களைப் புள்ளிகளாகக் குறித்த வண்ணப்படம் ஒன்றை வாங்கிச் சுவரில் ஒட்டிக்கொண்டு, அதிலுள்ள அத்தனை புள்ளிகளையும் மனப்பாடம் செய்யத் தொடங்காதீர்கள். உலக சுகாதார நிறுவனத்தின் மேற்குப் பசிபிக் வட்டார அலுவலகம் 2008இல் வெளியிட்ட நூலில் 361 புள்ளிகளுக்கு இடம் வரையறுத்திருக்கிறார்கள். அது ஊசி வைத்தியம் பயில்பவர்களுக்கு. வீட்டில் அன்றாடம் வரும் தொல்லைகளுக்கு நான்கைந்து புள்ளிகள் போதும். அவற்றை மட்டும், விரல் தானாகப் போய் நிற்கும் அளவுக்குப் பழகிக்கொள்ளுங்கள்.

நான் கடலூர் மஞ்சக்குப்பத்தில் தையல் கடை வைத்திருக்கிறேன். நாள் முழுவதும் குனிந்தே வேலை. மாலைக்குள் பிடரியும் தோளும் இறுகிவிடும். எங்கள் தெருவில் இருக்கும் ஓய்வுபெற்ற நர்ஸ் அக்காதான் எனக்குச் சொல்லிக்கொடுத்தார். அவர் முதலில் கற்பித்தது அளவெடுக்க. சீன முறையில் அளவின் பெயர் சுன். கட்டைவிரல் கணுவின் அகலம் ஒரு சுன். கட்டைவிரல் தவிர்த்த நான்கு விரல்களையும் சேர்த்து வைத்தால் மூன்று சுன். யாருடைய உடம்பில் புள்ளியைத் தேடுகிறோமோ அவருடைய விரலைக் கொண்டுதான் அளக்க வேண்டும். இன்னொருவர் அளவுக்குத் தைத்த ரவிக்கை நமக்குப் பொருந்துமா? வீடியோவில் அங்குலக் கணக்குச் சொன்னால் அதை விட்டுவிட்டு உங்கள் விரலை வைத்துப் பாருங்கள்.

முதலில் பழக வேண்டியது நெய்குவான் புள்ளி. குமட்டலுக்கு உரியது. உள்ளங்கையை மேலே திருப்பி, மணிக்கட்டு மடிப்புக்கு மேல் மறுகையின் மூன்று விரல்களைக் குறுக்கே ஒட்டி வையுங்கள். விரலை லேசாக மடக்கி மணிக்கட்டை உள்பக்கம் வளைத்தால் நடுவில் இரண்டு தசைநாண்கள் கயிறாக எழும்பும். மூன்றாவது விரலின் ஓரத்தில், அந்த இரண்டு நாண்களுக்கு இடைப்பட்ட பள்ளம்தான் இடம். கட்டைவிரலால் நிதானமாக அழுத்துங்கள், நகம் வெட்டியிருக்கட்டும். மந்தமான ஒரு வலி எழுந்து உள்ளங்கைப் பக்கமோ முழங்கைப் பக்கமோ பரவினால் சரியான இடத்தைப் பிடித்துவிட்டீர்கள். சுரீரென்று மின்சாரம் பாய்ந்ததுபோல இருந்தால் நரம்பை அழுத்துகிறீர்கள், உடனே விலகுங்கள். இரண்டு மூன்று நிமிடம் அழுத்தி, அடுத்த கைக்கு மாறலாம். என் அண்ணிக்குப் புதுச்சேரி பஸ்ஸில் ஏறினால் கிருமாம்பாக்கம் வரும்போதே வயிற்றைப் புரட்டும். இப்போதெல்லாம் பஸ் கிளம்பும் முன்பே மணிக்கட்டைப் பிடித்துக்கொள்கிறார். அரியாங்குப்பம் தாண்டியும் பேசிக்கொண்டே வருகிறார்.

இது எங்கள் வீட்டு அனுபவத்தோடு நிற்கவில்லை. அறுவை சிகிச்சைக்குப் பின் வரும் குமட்டலில் இந்தப் புள்ளியைப் பல ஆய்வுகளில் சோதித்திருக்கிறார்கள். மருத்துவ ஆய்வுகளைத் திரட்டி மதிப்பிடும் காக்ரேன் அமைப்பின் 2015ஆம் ஆண்டு ஆய்வுத் தொகுப்பு, குமட்டலும் வாந்தியும் குறைவதாகச் சொல்கிறது. இந்த அளவுக்குக்கூடச் சான்று எல்லாப் புள்ளிகளுக்கும் இல்லை. சர்க்கரை நோயைப் புள்ளியை அழுத்தியே குணப்படுத்துகிறேன் என்று யாராவது சொன்னால், தயவுசெய்து மாத்திரையை நிறுத்திவிடாதீர்கள்.

பிடரிக்கு ஃபெங்ச்சி. மண்டையோட்டின் அடியில், கழுத்தின் இரு பக்கமும் தசைகளுக்கு நடுவே கட்டைவிரல் அமரும் இரண்டு குழிகள் இருக்கும். விரல்களால் தலையைத் தாங்கியபடி, இரண்டு கட்டைவிரல்களையும் அங்கே வைத்துக் கண்ணை நோக்கி மேல்முகமாக அழுத்துங்கள். மூச்சை விடும்போது அழுத்தம் கூடட்டும். பிறகு பிடரித் தசையை உள்ளங்கைக்கும் விரல்களுக்கும் இடையே கவ்வித் தூக்கித் தூக்கி விடுங்கள். துய்னா என்ற சீன மசாஜில் இது ஓர் அடிப்படைப் பிடி. துய்னா பயிலும் மாணவர்கள் மனித உடம்பைத் தொடும் முன், அரிசியோ மணலோ நிரப்பிய பையின் மேல் கை பழகுவார்கள். நமக்கு அவ்வளவு தேவையில்லை. ஆனால் கழுத்தின் முன்பக்கம், நாடி துடிக்கும் இடத்தை ஒருபோதும் அழுத்த வேண்டாம்.

தலைவலிக்குக் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் இடைப்பட்ட சதையில் ஹெகு. கால் சோர்வுக்கு முழங்காலுக்குக் கீழே நான்கு விரல் தள்ளி, முன்னெலும்பின் வெளிப்பக்கம் ஒரு விரல் அகலத்தில் சூசான்லி. இவற்றைப் பிறகு சேர்த்துக்கொள்ளலாம்.

பாதத்தில் சிறுநீரகம், இதயம் என்று குறித்த படங்களைப் பார்த்திருப்பீர்கள். அதைச் சீன முறை என்றே பலரும் நினைக்கிறார்கள். அந்தப் பாத வரைபடத்தை 1930களில் வளர்த்தெடுத்தவர் யூனிஸ் இங்காம் என்ற அமெரிக்கப் பெண்மணி. நீங்கள் கேட்டது சீன முறை என்பதால் அதை இதோடு கலக்க வேண்டாம். அந்தப் படத்தோடு சேர்த்து விற்கும் முள் செருப்பைச் சர்க்கரை நோயால் பாதம் மரத்துப்போன பெற்றோருக்கு வாங்கிக் கொடுத்துவிடாதீர்கள். புண் ஆனாலும் அவர்களுக்கு உறைக்காது.

கர்ப்பிணிகள் ஹெகுவையும், கணுக்காலுக்கு மேல் உள்பக்கம் நான்கு விரல் உயரத்தில் இருக்கும் சன்யின்ஜியாவோ புள்ளியையும் அழுத்தக் கூடாது என்பது பழைய மரபு, மீற வேண்டாம். சுருள் நாளம் புடைத்த இடம், காயம், எலும்பு முறிவு ஆகியவற்றின் மேலும் கை வைக்காதீர்கள். ஒரு காலின் ஆடுசதை மட்டும் திடீரென்று வீங்கி வலித்தால் அது இரத்தக் கட்டியாக இருக்கலாம். தேய்க்காமல் மருத்துவரிடம் காட்டுங்கள். இரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுபவர்கள் முதலில் மருத்துவரைக் கேட்க வேண்டும். நெஞ்சு வலி என்றால் புள்ளி தேடிக்கொண்டிருக்காமல் 108ஐ அழையுங்கள்.

வகுப்பு கட்டாயமில்லை. ஆனால் விஷயம் தெரிந்த ஒருவர் ஒரு முறையாவது உங்கள் கையில் அழுத்திக் காட்ட வேண்டும், ஏனென்றால் எவ்வளவு அழுத்தம் என்பதைப் படத்தில் காட்ட முடியாது. அதற்குப் பயிற்சி பெற்ற இயற்கை மருத்துவரையோ பிசியோதெரபிஸ்ட்டையோ கேட்கலாம். நிறையப் பணம் கட்டிச் சான்றிதழ் வாங்குவதெல்லாம் பிறருக்குச் செய்யப் போகிறவர்கள் யோசிக்க வேண்டியது.