வறட்டு இருமலுக்குக் கூட்டு மருந்து சிரப்: அம்மாவுக்குக் கொடுக்கலாமா?

கேள்வி: என் அம்மாவுக்கு 62 வயது. சளிக்காய்ச்சல் போன பிறகும் இரண்டு வாரமாக வறட்டு இருமல், ராத்திரியில் தூங்க விடுவதில்லை. வீட்டில் மூன்று மருந்துகள் சேர்ந்த இருமல் சிரப் ஒன்று இருக்கிறது. பிரஷருக்கு மாத்திரை சாப்பிடுகிறார், சளி மாத்திரையும் போகிறது. கொடுக்கலாமா? எப்படிக் கொடுப்பது?

பதில்:

கொடுப்பதற்கு முன்னால் இரண்டு பொருட்களைத் திருப்பிப் பாருங்கள். ஒன்று அந்தச் சிரப்பின் லேபிள், இன்னொன்று அம்மாவின் பிரஷர் மாத்திரை அட்டை. மருந்துக்கடையில் வேலை செய்கிறவன் நான். இருமல் மருந்து கேட்டு வருகிறவர்களிடம் "வேறு என்ன மாத்திரை சாப்பிடுகிறீர்கள்?" என்றுதான் முதலில் கேட்பேன். இருமலுக்கு மருந்து கேட்டால் இவன் எதற்குப் பூர்வீகத்தையே விசாரிக்கிறான் என்று பலர் முறைப்பார்கள். பரவாயில்லை.

முதலில் பிரஷர் மாத்திரை. அதன் மூலப்பெயர் (கம்பெனி வைத்த பெயர் இல்லை, உள்ளே இருக்கும் மருந்தின் பெயர்) 'ப்ரில்' என்று முடிகிறதா பாருங்கள்: எனலாப்ரில், ராமிப்ரில், லிசினோப்ரில், பெரிண்டோப்ரில். இந்த வகை மாத்திரைகள் சாப்பிடுகிறவர்களில் சிலருக்குத் தொண்டையில் அரிப்போடு வறட்டு இருமல் வரும். பிராடிகைனின் என்ற பொருளை உடல் உடைத்து வெளியேற்றுவதை இவை தடுப்பதால் அது தேங்குவதுதான் காரணம் என்கிறார்கள். மாத்திரை தொடங்கிய உடனே வர வேண்டும் என்றில்லை, மாதக்கணக்கில் கழித்தும் தலைகாட்டும். இந்த இருமலுக்கு எத்தனை பாட்டில் சிரப் குடித்தாலும் பிரயோசனமில்லை. மாத்திரையை மாற்றினால் பெரும்பாலும் ஒன்று முதல் நான்கு வாரத்துக்குள் அடங்கிவிடும். அதற்காக நீங்களாக மாத்திரையை நிறுத்திவிடாதீர்கள். டாக்டரிடம் சொன்னால் லோசார்ட்டன், டெல்மிசார்ட்டன் மாதிரி வேறு வகைக்கு மாற்றிக் கொடுப்பார்.

அம்மாவுக்குச் சளிக்காய்ச்சலைத் தொடர்ந்து வந்த இருமல் என்பதால் மாத்திரைதான் காரணம் என்று அடித்துச் சொல்ல முடியாது. சாதாரணச் சளிக்குப் பின் வரும் இருமல் ஒரு வாரத்தில் போய்விடும் என்றுதான் பொதுவாக எதிர்பார்க்கிறோம். ஆய்வுகளில் பார்த்தால் சராசரியாக 18 நாள் அளவுக்கு நீள்கிறது. அப்படிப் பார்த்தால் இரண்டு வாரம் என்பது தனியாகப் பயப்பட வேண்டிய கணக்கில்லை. ஆனால் காசநோய் அதிகம் உள்ள இடங்களில் இரண்டு வாரம் தாண்டிய இருமல் என்றாலே ஒரு பரிசோதனை செய்துவிடுவார்கள். அது நல்ல பழக்கம்தான்.

சரி, சிரப்புக்கு வருவோம். வறட்டு இருமலுக்கு விற்கும் மூன்று மருந்துச் சிரப் என்றால் பெரும்பாலும் டெக்ஸ்ட்ரோமெத்தார்ஃபான், குளோர்ஃபெனிரமைன், ஃபினைலெஃப்ரின் ஆகிய மூன்றும் இருக்கும். பாட்டிலின் முன்பக்கத்தில் பெரிய எழுத்தில் இருப்பது கம்பெனி வைத்த பெயர். உங்களுக்கு வேண்டியது பின்பக்கத்தில் பொடி எழுத்தில், '5 மில்லியில் இவ்வளவு' என்று போட்டிருப்பது.

இதில் இருமலை அடக்குகிற வேலையைச் செய்வது டெக்ஸ்ட்ரோமெத்தார்ஃபான் மட்டும்தான். மூளையின் முகுளத்தில் உள்ள இருமல் மையத்தின் மேல் வேலை செய்து, இருமச் சொல்லும் கட்டளையைக் குறைக்கிறது. குடித்து அரை மணி நேரத்தில் தெரியும், ஐந்தாறு மணி நேரம் தாங்கும். இருமலின் காரணத்தை இது குணப்படுத்தாது. ராத்திரி கொஞ்சம் தூங்க வைக்கும், அவ்வளவுதான். உண்மையைச் சொன்னால் அதிலும் பெரிய அதிசயம் எதிர்பார்க்க வேண்டாம்.

குளோர்ஃபெனிரமைன் அலர்ஜிக்கான பழைய தலைமுறை மருந்து. மூக்கொழுகலை நிறுத்தும், தூக்கம் வரவைக்கும். 'இந்தச் சிரப் நன்றாகக் கேட்கிறது' என்று பலர் சொல்வதில் பாதிப் புண்ணியம் இந்தத் தூக்கத்துக்குத்தான் போய்ச் சேர வேண்டும். இளவயதில் அதை வரவு என்று வைத்துக்கொள்ளலாம். அறுபதைத் தாண்டியவர்களிடம் நான் யோசிப்பேன். நடு இரவில் பாத்ரூம் போக எழும்போது தள்ளாட்டம், வாய் வறட்சி, மலச்சிக்கல், சிலருக்குக் குழப்பம் எல்லாம் வரும். வயதானவர்களுக்கு இந்த வகை அலர்ஜி மருந்தை முடிந்தவரை தவிர்க்கச் சொல்லி அமெரிக்க முதியோர் மருத்துவச் சங்கம் வெளியிடும் 'பியர்ஸ்' பட்டியலிலேயே இருக்கிறது. கண் அழுத்த நோய் (குறுகிய கோண வகை), ஆண்களானால் ப்ராஸ்டேட் வீக்கம் இருந்தால் இன்னும் எச்சரிக்கை வேண்டும். சிறுநீர் அடைத்துக்கொள்ளும்.

ஃபினைலெஃப்ரின் மூக்கடைப்புக்கு. இரத்தக் குழாய்களைச் சுருக்கித்தான் இது வேலை செய்ய வேண்டும். பிரஷர் உள்ளவர்களுக்கு இது வேண்டாம் என்று சொல்வதற்குக் காரணமும் அதுதான். இதில் வேடிக்கை என்னவென்றால், வாய்வழியாக எடுக்கும் ஃபினைலெஃப்ரின் மூக்கடைப்புக்குப் பயன்படுவதில்லை என்று அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பின் ஆலோசனைக் குழு 2023 செப்டம்பரில் ஒருமனதாகச் சொல்லிவிட்டது. மூக்கும் அடைக்காமல், வெறும் வறட்டு இருமல் மட்டும் உள்ள, பிரஷர் மாத்திரை சாப்பிடுகிற ஒருவருக்கு இதை ஏன் கொடுக்க வேண்டும்? எனக்குப் பதில் தெரியவில்லை. கூட்டு மருந்தின் சிக்கலே இதுதான். மூன்றில் ஒன்று தேவைப்பட்டாலும் மூன்றையும் சேர்த்துத்தான் விழுங்க வேண்டும்.

அடுத்து, கூட்டல் கணக்கு. கடையில் அடிக்கடி பார்க்கிற தப்பு இதில்தான். ஒரு கணக்குக்கு, சிரப்பில் 5 மில்லிக்கு டெக்ஸ்ட்ரோமெத்தார்ஃபான் 10 மில்லிகிராம், குளோர்ஃபெனிரமைன் 2 மில்லிகிராம் என்று வைத்துக்கொள்வோம். பெரியவர் ஒருவர் 10 மில்லி வீதம் நான்கு வேளை குடித்தால் ஒரு நாளைக்கு முதலாவது 80, இரண்டாவது 16 மில்லிகிராம். பெரியவர்களுக்கு ஒரு நாள் உச்சவரம்பு முறையே 120, 24. வரம்புக்குள்தான் இருக்கிறது. அதோடு குளோர்ஃபெனிரமைன் 4 மில்லிகிராம் உள்ள ஒரு சளி மாத்திரையை மூன்று வேளை போட்டால்? இன்னொரு 12 சேர்ந்து 28 ஆகிவிடும். இரண்டும் வேறு வேறு மருந்து என்று நினைத்துத்தான் சாப்பிடுகிறார்கள், பெயர் வேறாக இருப்பதால். பாரசிட்டமால் கலந்த சிரப், பாரசிட்டமால் கலந்த சளி மாத்திரை, மேலே காய்ச்சலுக்குத் தனியாக ஒன்று என்று போனால் ஈரலுக்கே ஆபத்து. ஆரோக்கியமான பெரியவருக்கே ஒரு நாளில் 4 கிராம்தான் எல்லை. உங்கள் அம்மாவின் சளி மாத்திரை அட்டையையும் சிரப் பாட்டிலையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, ஒரே பெயர் இரண்டிலும் வருகிறதா என்று விரல் வைத்துப் பாருங்கள். வந்தால் இரண்டில் ஒன்றுதான்.

இன்னொரு பாட்டிலில் டெக்ஸ்ட்ரோமெத்தார்ஃபான் 5 மில்லிக்கு 15 மில்லிகிராம் இருக்கலாம். பன்னிரண்டு மணி நேரம் தாங்குகிற வகையில் 30 கூட இருக்கும். அதனால் 'போன தடவை இரண்டு மூடி குடித்தேன்' என்ற கணக்கு புதுப் பாட்டிலுக்குச் செல்லாது. அளப்பதற்கும் பாட்டிலோடு வரும் அளவு மூடியே வேண்டும். சமையலறை ஸ்பூன் ஒன்றுக்கொன்று அளவு மாறும்.

அம்மா மனச்சோர்வுக்கோ பதற்றத்துக்கோ மாத்திரை எதுவும் சாப்பிடுகிறாரா? இதைக் கேட்கப் பலர் கூச்சப்படுவார்கள், சொல்லவும் கூச்சப்படுவார்கள். ஆனால் இதுதான் முக்கியமான கேள்வி. ஃப்ளுவாக்ஸெட்டின், பரோக்ஸெட்டின் போன்றவை டெக்ஸ்ட்ரோமெத்தார்ஃபானை ஈரல் உடைப்பதைத் தடுத்து, இரத்தத்தில் அதன் அளவைக் கூட்டிவிடும். அந்த மாத்திரைகளும் டெக்ஸ்ட்ரோமெத்தார்ஃபானும் மூளையில் செய்தி கடத்தும் செரட்டோனின் என்ற பொருளோடு தொடர்புள்ளவை என்பதால் உடல் நடுக்கம், வியர்வை, படபடப்பு, காய்ச்சல், தசை விறைப்பு என்று ஆபத்தான நிலைக்குப் போக வாய்ப்புண்டு. பார்க்கின்சன் நோய்க்குத் தரும் செலிஜிலின், ரசஜிலின் போன்ற எம்ஏஓ தடுப்பான்களை (எம்ஏஓ என்ற நொதியைத் தடுக்கும் மருந்துகளை) எடுப்பவர்கள் டெக்ஸ்ட்ரோமெத்தார்ஃபானைத் தொடவே கூடாது. நிறுத்தி 14 நாள் ஆகும் வரையிலும் கூடாது. லினெசோலிட் என்ற ஆன்டிபயாடிக்கும் இந்த வரிசையில்தான் வருகிறது.

மதுவோ தூக்க மாத்திரையோ இதோடு சேரக்கூடாது. சிரப் குடித்துவிட்டு வண்டி ஓட்டவும் வேண்டாம். சர்க்கரை நோய் இருந்தால் சர்க்கரை சேர்க்காத வகையைக் கேளுங்கள். இருமும்போது சளி வருகிறது என்றால் இருமலை அடக்கும் மருந்தே தப்பு, அந்தச் சளி வெளியே வர வேண்டும். கோடீன் கலந்த சிரப் யாரோ மிச்சம் வைத்தது என்று வீட்டில் கிடந்தால் அதை எடுக்காதீர்கள். அது உடலில் மார்ஃபினாக மாறுகிறது, சிலர் உடலில் மிக வேகமாக. மூச்சு மந்தமாகிவிடும். பேரப்பிள்ளைகளுக்கு இந்த மாதிரிப் பெரியவர் சிரப்பைக் கொஞ்சமாக ஊற்றிக் கொடுக்கிற பழக்கம் வேண்டவே வேண்டாம். நான்கு வயதுக்குக் கீழே டாக்டர் சொல்லாமல் இருமல், சளிக் கூட்டு மருந்து எதுவும் கூடாது.

உங்கள் அம்மா விஷயத்தில் நானாக இருந்தால் அந்தச் சிரப்பை ஒதுக்கிவிடுவேன். படுக்கும் முன் தேன் கலந்த வெந்நீர், தலையணையைக் கொஞ்சம் உயர்த்தி வைப்பது இரண்டையும் முயன்று பார்ப்பேன். (தேன் ஒரு வயதுக்குக் கீழ் உள்ள குழந்தைக்கு மட்டும் கூடவே கூடாது.) அதற்கும் கேட்காமல் தூக்கம் கெட்டால், டெக்ஸ்ட்ரோமெத்தார்ஃபான் மட்டும் உள்ள சிரப் ஒன்றை, அவர் சாப்பிடும் எல்லா மாத்திரையையும் மருந்தாளுநரிடம் காட்டிவிட்டு, ராத்திரிக்கு மட்டும் சில நாள். எப்படியும் இந்த வாரத்துக்குள் பிரஷர் மாத்திரை அட்டையோடு டாக்டரைப் பார்த்துவிடுங்கள். சளியில் இரத்தம், மூச்சுத் திணறல், நெஞ்சு வலி, விடாத காய்ச்சல், எடை குறைவு, இதில் ஒன்று இருந்தாலும் வாரம் வரை காத்திருக்க வேண்டாம். தவறிப்போய் அதிகம் குடித்து, பேச்சுக் குழறி நடை தள்ளாடினால் வாந்தி எடுக்க வைக்க முயலாமல் பாட்டிலையும் கையில் எடுத்துக்கொண்டு நேராக ஆஸ்பத்திரிக்குப் போங்கள். என்ன குடித்தார், எவ்வளவு குடித்தார் என்பதை அங்கே அந்த லேபிளைப் பார்த்துத்தான் கணக்குப் போடுவார்கள்.