குறுவை முடியட்டும் என்று ஹஜ்ஜைத் தள்ளிப்போடலாமா?

கேள்வி: அஸ்ஸலாமு அலைக்கும் ஹஜ்ரத். எனக்கு 61 வயது. சொந்த ஊர் அதிராம்பட்டினம், ஷாஃபிஈ மத்ஹபு (மார்க்கச் சட்டப் பிரிவு). மன்னார்குடி பக்கம் உரக்கடை வைத்திருக்கிறேன், மகனும் கடையில் இருக்கிறான். ஒரு மனை விற்ற பணம் வங்கியில் கிடக்கிறது. நானும் மனைவியும் ஹஜ்ஜுக்குப் போய்வந்தாலும் மிச்சம் இருக்கும். ஆனால் இளைய மகளுக்கு இன்னும் மாப்பிள்ளை அமையவில்லை. ஹஜ் வருகிற மே, ஜூன் மாதங்களோ குறுவைக்கு உரம் இறக்குகிற நேரம். 2028-இல் ஹஜ் மே தொடக்கத்துக்கே வந்துவிடும் என்கிறார்கள், அப்போது போகலாம் என்றிருக்கிறேன். போன வருடம் இதயத்தில் ஸ்டென்ட் வைத்தார்கள். ஒருவேளை முடியாமல் போனால் எனக்குப் பதிலாக மகனை பதல் ஹஜ்ஜுக்கு அனுப்பலாம்தானே? “அழைப்பு வந்தால் தானாகப் போவோம்” என்று சொன்னால் மனைவிக்குக் கோபம் வருகிறது. நான் நினைப்பது சரியா?

பதில்: வ அலைக்குமுஸ்ஸலாம். உங்கள் மனைவியின் கோபம் நியாயமானது.

“இன்னும் அழைப்பு வரவில்லை” என்று நம் ஊர்களில் எல்லோரும் சொல்கிறோம். காசு சேராத ஏழை அதைச் சொல்லும்போது அதில் ஓர் ஏக்கம் இருக்கிறது, கேட்கிற எனக்கும் கண் கலங்கும். பணம் வைத்திருப்பவர் அதைச் சொல்லக் கூடாது. மக்களை ஹஜ்ஜுக்கு அழைக்கும்படி நபி இப்ராஹீம் (அலை) அவர்களுக்கு அல்லாஹ் கட்டளையிட்டதை சூரத்துல் ஹஜ்ஜில் ஓதுகிறோம். அழைப்பு அன்றே கொடுத்தாயிற்று. வழிச்செலவுக்கும், திரும்பி வரும்வரை வீட்டாரின் தேவைக்கும் பணம் இருந்து, கடன் தீர்ந்து, உடம்பும் பாதையும் இடம் கொடுத்தால் கடமை உங்கள் மேல் வந்துவிட்டது. கனவிலோ வேறு அறிகுறியிலோ இன்னொன்று வரவேண்டியதில்லை.

ஷாஃபிஈ மத்ஹபில் ஹஜ்ஜைப் பிற்படுத்த இடம் உண்டு என்பது உண்மைதான். மக்கா வெற்றி ஹிஜ்ரி 8-இல். அடுத்த ஆண்டு ஹஜ்ஜுக்கு அபூபக்கர் (ரலி) அவர்களைத் தலைவராக்கி அனுப்பிய நபி (ஸல்) அவர்கள், தாம் ஹஜ் செய்தது ஹிஜ்ரி 10-இல். அதை ஷாஃபிஈ அறிஞர்கள் ஆதாரமாகக் காட்டுகிறார்கள். ஹனஃபி மத்ஹபின் இமாம் அபூ யூஸுஃப் அவர்களோ வசதி வந்த ஆண்டே போகவேண்டும் என்கிறார்கள். ஆனால் உங்கள் மத்ஹபு தரும் அந்தச் சலுகை சும்மா வருவதல்ல. கட்டாயம் போவேன் என்ற உறுதி உள்ளத்தில் வேண்டும். அப்புறம், உடம்பு முடங்கிவிடும் என்றோ பணம் அழிந்துவிடும் என்றோ அஞ்சுகிற நிலை இருக்கக் கூடாது. அப்படி ஒரு பயம் இருந்தால் தள்ளிப்போட அனுமதி இல்லை. 61 வயதில் ஸ்டென்ட் வைத்தவர் நீங்கள். “ஒருவேளை முடியாமல் போனால்” என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். அந்தச் சலுகை உங்களுக்கு இல்லை என்பதே என் கருத்து.

குறுவைக்கு வருவோம். ஹஜ் ஆண்டுக்குப் பத்து பதினொரு நாள் முந்துகிறது, 2027-இலேயே மே நடுவுக்கு வந்துவிடும். மேட்டூர் வழக்கப்படி ஜூன் 12-இல் திறந்தால், தண்ணீர் கல்லணைக்கு வந்து, ஆறு வாய்க்கால் எல்லாம் ஓடி, வயலுக்கு ஏற இன்னும் நாளாகும். பம்புசெட் வைத்திருப்பவர்கள் மேயிலேயே நாற்று விடுகிறார்கள், சரி. அந்த வியாபாரத்தை மகன் பார்க்கமாட்டாரா? நடவு மும்முரத்துக்குள் நீங்கள் ஊர் திரும்பிவிடலாம்.

உங்களுக்கு உண்மையான இடைஞ்சல் வேறு இடத்தில் இருக்கிறது. ஹஜ் கமிட்டி விண்ணப்பத்தை இப்போதெல்லாம் முந்தைய ஆண்டு ஜூலை, ஆகஸ்ட் வாக்கிலேயே வாங்கிவிடுகிறார்கள். நீங்கள் யூரியா மூட்டைக்கு நடுவே நிற்கிற நேரம் அது. அறுவடை முடிந்து நிமிர்ந்து பார்க்கும்போது தேதி போயிருக்கும். இப்படித்தான் நம் டெல்டாவில் எத்தனையோ பேருக்கு “அடுத்த வருடம்” என்பது அதற்கும் அடுத்த வருடமாகிறது. குறுவை போனால் தாளடி, சம்பா, பிறகு உளுந்து, பிறகு பாக்கி வசூல். உரக்கடைக்கு ஓய்வு மாதம் எது, சொல்லுங்கள்? வழிகாட்டியாக நான் போன ஒரு ஹஜ்ஜில், பாபநாசம் பக்கத்து நெல் வியாபாரி ஒருவரை, கஅபாவைச் சுற்றிவரும் தவாஃப் முழுக்கச் சக்கர நாற்காலியில் வைத்துத் தள்ளினோம். “நல்ல கால் இருந்தபோது நெல்லைப் பார்த்துக்கொண்டு இருந்துவிட்டேன் ஹஜ்ரத்” என்று அழுதார். அவருக்காக இன்றும் துஆ கேட்கிறேன்.

வெயிலைக் காரணம் சொல்லியிருந்தால் பொறுமையாகக் கேட்டிருப்பேன். 2024 ஜூன் ஹஜ்ஜில் 1,300-க்கு மேற்பட்டவர்கள் இறந்தார்கள். பெரும்பாலோர் அனுமதியில்லாமல் வந்து, நிழலும் கூடாரமும் இல்லாமல் வெயிலில் நடந்தவர்கள். உங்கள் இதய டாக்டரிடம் வெறுமனே “நடக்கலாமா” என்று கேட்காதீர்கள், கடும் வெயிலில் நாள்கணக்கில் நடப்பது பற்றிக் கேளுங்கள். அவர் ஒரு வருடம் பொறுக்கச் சொன்னால் பொறுங்கள், அது சரியான காரணம். போகலாம் என்றால் தவாஃபுக்கும், ஸஃபா மர்வா குன்றுகளுக்கு இடையே நடக்கும் ஸஃயுக்கும் சக்கர நாற்காலி இருக்கிறது. ஹஜ்ஜின் கிரியைகளில் ஒன்றான கல்லெறிதலைச் செய்ய முடியாதவர் இன்னொருவரைப் பொறுப்பாக்கவும் மார்க்கம் இடம் தருகிறது.

மகள் விஷயத்தில் ஒரு தகப்பனின் கவலை எனக்குப் புரிகிறது. பேச்சு முடிந்து தேதி குறித்த கல்யாணம் என்றால் அதை நடத்திவிட்டுப் போவதற்கு வழி பார்க்கலாம். உங்களுக்கு இன்னும் மாப்பிள்ளையே வரவில்லை. மார்க்கப்படி மஹர் (மணக்கொடை) கொடுக்கவேண்டியவன் மாப்பிள்ளை. நாம்தான் நகை, சீர், ஊரைக் கூட்டிப் பந்தி என்று சுமையை ஏற்றிக்கொண்டு, அந்தச் சுமைக்காக அல்லாஹ்வின் கடமையைக் காத்திருக்க வைக்கிறோம். இது எனக்கு மிகுந்த வேதனை தருகிறது. ஹஜ்ஜுக்குப் போக மிச்சமிருக்கும் பணத்தில் எளிமையாக நிக்காஹ் நடத்துங்கள். நீங்கள் இல்லாத நாட்களில் மகளோடு யார் இருப்பார்கள் என்பதை மட்டும் இப்போதே முடிவு செய்யுங்கள்.

பதல் ஹஜ் முடியாதவருக்கு உரியது. வாகனத்தில் நிலையாக உட்கார முடியாத முதிய தந்தைக்காகத் தான் ஹஜ் செய்யலாமா என்று கஸ்அம் குலத்துப் பெண் கேட்டபோது நபி (ஸல்) அவர்கள் ஆம் என்றார்கள், புகாரியில் இருக்கிறது. நடமாடுகிற நீங்கள் அந்தத் தந்தை அல்ல. தவிர, உங்களுக்காகப் போகிறவர் முதலில் தம்முடைய ஹஜ்ஜை முடித்திருக்க வேண்டும். உங்கள் மகன் முடித்துவிட்டாரா?

உரக் கம்பெனிக்குக் கொடுக்கவேண்டிய பாக்கி இருந்தால் முதலில் அதைத் தீருங்கள். தவணை வராத கடனுக்குத் தனியாக ஒதுக்கி வையுங்கள். விவசாயிகளின் பாக்கி நோட்டை மகனோடு உட்கார்ந்து ஒருமுறை சரிபார்த்து, வஸிய்யத்தும் (மரண சாசனம்) எழுதிவிடுங்கள். இரண்டு பேர் பாஸ்போர்ட்டிலும் காலாவதி தேதியை இந்த வாரமே பாருங்கள். புதுப்பிக்க வேண்டியிருந்தால் விண்ணப்பத் தேதி வருவதற்குள் அது கைக்கு வந்தாக வேண்டும்.