லினக்ஸ் கர்னலில் எஸ்பிஐ டிரைவரை இயக்கிய பிறகும் டெவ் அடைவில் ஸ்பைடெவ் கோப்பு வரவில்லையே, ஏன்?

ஸ்பைடெவ் என்பது சாதாரண நிரல்கள் எஸ்பிஐ சிப்போடு நேரடியாகப் பேச உதவும் பொது டிரைவர். கர்னல் கான்ஃபிக்கில் இயக்குவது பாதி வேலைதான். மீதிப் பாதி, பலகையில் என்னென்ன வன்பொருள் உள்ளது என்று கர்னலுக்குச் சொல்லும் டிவைஸ் ட்ரீயில் இருக்கிறது. பெரும்பாலும் அங்கேதான் சிக்கல்.

யுஎஸ்பி கருவியைச் செருகினால் தான் யார் என்பதை அதுவே சொல்லிவிடும். சிப்புகளை இணைக்கும் எஸ்பிஐ-யில் அந்த ஏற்பாடே கிடையாது. க்ளாக், மோசி (நாம் அனுப்புவது), மிசோ (சிப் அனுப்புவது), சிப் செலக்ட் (எந்தச் சிப் என்று தேர்வது) என்று நாலு கம்பி, அவ்வளவுதான். மறுமுனையில் சிப் இருக்கிறதா, இருந்தால் என்ன சிப், எவ்வளவு வேகம் தாங்கும் என்பதையெல்லாம் கர்னலுக்கு நாம்தான் எழுதிக் கொடுக்க வேண்டும்.

முதலில் கான்ஃபிக். கர்னல் தேர்வுகளுக்கான மெனுகான்ஃபிக் திரையில் டிவைஸ் டிரைவர்ஸ் பகுதிக்குள் எஸ்பிஐ சப்போர்ட்டைத் திறந்தால் மூன்று அடுக்குகள் தனித்தனியாக இருக்கும்: பொதுவான எஸ்பிஐ கோர், உங்கள் எஸ்ஓசி-யில் (பலகையின் முதன்மைச் சிப்பில்) உள்ள கண்ட்ரோலருக்கான டிரைவர், கடைசியாக சிப்புக்கான டிரைவர். ஸ்பைடெவ் இந்த மூன்றாவது அடுக்கைச் சேர்ந்தது. கோரையும் ஸ்பைடெவ்வையும் தேர்ந்தெடுத்துவிட்டு நடுவில் உள்ள கண்ட்ரோலரை விட்டுவிடுவது அடிக்கடி நடக்கும். ராஸ்பெர்ரி பை 4-க்கு பிசிஎம்2835 டிரைவர் வேண்டும். பை 5-இல் அது டிசைன்வேர் டிரைவர். பலகை மாறினால் இந்தத் தேர்வும் மாறும். ரூட் ஃபைல்சிஸ்டமே எஸ்பிஐ ஃபிளாஷில் இருக்கிறது, இனிட்ராம்எஃப்எஸ்ஸும் (பூட்டின்போது நினைவகத்தில் ஏறும் தற்காலிகக் கோப்பமைப்பு) இல்லை என்றால், இவற்றை மாட்யூலாக வைக்காமல் கர்னலுக்குள்ளேயே சேர்த்துவிடுங்கள்.

அடுத்து டிவைஸ் ட்ரீ. எஸ்ஓசி-யின் பொதுக் கோப்பில் கண்ட்ரோலர் நோடின் ஸ்டேட்டஸ் வழக்கமாக டிஸேபிள்ட் என்றே இருக்கும். உங்கள் பலகையின் கோப்பில் அதை ஓகே என்று மாற்றி, பின்கண்ட்ரோல் வழியாகப் பின்களை எஸ்பிஐ வேலைக்கு ஒதுக்க வேண்டும். பின் ஒதுக்கீட்டை விட்டால் டிரைவர் ஒழுங்காக ஏறும், லாக்கில் ஒரு பிழையும் இருக்காது, ஆனால் கம்பியில் எதுவும் அசையாது. பிறகு அந்த நோடுக்குள் ஒரு சிறு நோட்: கம்பேட்டிபிள் (சிப்பின் அடையாளப் பெயர்), ரெக், உச்ச வேகம். இங்கே ரெக் என்பது முகவரி அல்ல, சிப் செலக்ட் எண். வேகத்தை ஹெர்ட்ஸில் எழுத வேண்டும். 1 மெகாஹெர்ட்ஸ் என்றால் 1000000. தொடக்கத்தில் அதற்கு மேல் போகாதீர்கள்.

ஸ்பைடெவ் கோப்பு வராததற்குக் குறிப்பான காரணம் ஒன்று உண்டு. கம்பேட்டிபிள் இடத்தில் வெறுமனே ஸ்பைடெவ் என்று எழுதும் பழைய வழிகாட்டிகள் இன்னும் நிறைய சுற்றுகின்றன. முன்பு கர்னல் அதற்கு ஓர் எச்சரிக்கையோடு விட்டுவிடும். புதிய கர்னல்கள் ஏற்கவே மறுத்துவிடும். டிவைஸ் ட்ரீ வன்பொருளை விவரிக்க வேண்டும், ஸ்பைடெவ்வோ வெறும் மென்பொருள் என்பது கர்னல் டெவலப்பர்களின் வாதம். நியாயம்தான். சிப்பின் உண்மையான பெயரை எழுதுங்கள். வேறு டிரைவர் அதைப் பிடித்திருந்தால் முதலில் அன்பைண்ட் செய்து (விடுவித்து), சிஸ்எஃப்எஸ்ஸில் (கருவிகளைக் கோப்புகளாகக் காட்டும் சிஸ் அடைவில்) அந்தக் கருவியின் டிரைவர் ஓவர்ரைடு கோப்பில் ஸ்பைடெவ் என்று எழுதி, பிறகு ஸ்பைடெவ் டிரைவரின் பைண்ட் கோப்பில் கருவியின் பெயரை எழுதினால் போதும், கோப்பு வந்துவிடும்.

கர்னல் லாக்கைக் காட்டும் டிமெஸ்ஜி கட்டளையில் மைனஸ் 517 தெரிந்தால் பதற வேண்டாம். கருவி நம்பியிருக்கும் க்ளாக், ஜிபிஐஓ (பொதுப் பயன் பின்) அல்லது ரெகுலேட்டர் இன்னும் தயாராகவில்லை, அதற்காகக் காத்திருக்கிறது என்று பொருள். கடைசி வரை காத்துக்கொண்டே இருந்தால் பிழைதேடலுக்கான டிபக்எஃப்எஸ்ஸில் உள்ள டிவைசஸ் டிஃபர்டு கோப்பைப் பாருங்கள்.

கோப்பு வந்ததும் சிப்பைக் கழற்றிவிட்டு மோசியையும் மிசோவையும் ஒரு ஜம்பரால் இணைத்து, கர்னல் மூலநிரலின் டூல்ஸ் அடைவில் இருக்கும் ஸ்பைடெவ் டெஸ்ட்டை ஓட்டுங்கள். அனுப்பியது அப்படியே திரும்பினால் கண்ட்ரோலரும் பின்களும் சரி. மோட், அதாவது க்ளாக்கின் ஓய்வு நிலை எது, எந்த விளிம்பில் பிட்டைப் படிப்பது என்பது, சரியா என்பதை மட்டும் இது சொல்லாது. லூப்பேக் நாலு மோடிலும் தேறிவிடும்.

மோடைச் சோதிக்க விடை முன்பே தெரிந்த பதிவகம் ஒன்று வேண்டும். பிஎம்இ280 உணரியில் ஹெக்ஸ் டி0 பதிவகத்தைப் படித்தால் ஹெக்ஸ் 60 வர வேண்டும். சி0 அல்லது 30 வந்தால் ஒரு பிட் நகர்ந்திருக்கிறது. சிபிஹெச்ஏ (எந்த விளிம்பில் படிப்பது என்ற அமைப்பு) தவறாக இருக்க வாய்ப்பு அதிகம். இந்தச் சிப்புக்கு மோட் 0, 3 இரண்டும் ஆகும், 1, 2 ஆகாது. எப்போதும் 00 அல்லது எஃப்எஃப் என்றே வந்தால் மோடைத் தொடாதீர்கள். மிசோ கம்பி, மின்சாரம், சிப் செலக்ட் ஆகியவற்றைப் பாருங்கள்.

டிவைஸ் ட்ரீயில் சிபிஓஎல் (க்ளாக்கின் ஓய்வு நிலை), சிபிஹெச்ஏ இரண்டும் மதிப்பில்லாத பண்புகள். அந்தப் பெயர் இருந்தாலே ஆன். அணைப்பதாக நினைத்து 0 என்று மதிப்புக் கொடுத்தாலும் கர்னல் அதை ஆன் என்றே படிக்கும், ஆகவே வேண்டாமென்றால் வரியையே நீக்குங்கள். சிப் செலக்டை ஜிபிஐஓ வழியாகக் கொடுக்கும்போதும் இதே மாதிரி ஒரு பொறி உண்டு: அங்கே ஆக்டிவ் ஹை (உயர் மின்னழுத்தத்தில் இயங்குவது) என்று குறித்தாலும், சிப்பின் நோடில் சிஎஸ்-ஹை பண்பு இல்லாவிட்டால் கர்னல் அதை ஆக்டிவ் லோ ஆகத்தான் இயக்கும்.

சொந்தமாக டிரைவர் எழுதுகிறவர்கள் ஓஎஃப் அட்டவணையோடு (டிவைஸ் ட்ரீயின் கம்பேட்டிபிள் பெயர்ப் பட்டியல்) எஸ்பிஐ ஐடி அட்டவணையையும் வைக்க வேண்டும். மாட்யூலைத் தானாக ஏற்றும் பெயர் எஸ்பிஐ என்ற முன்னொட்டோடுதான் வெளியே போகிறது. ஓஎஃப் அட்டவணை மட்டும் இருந்தால் மாட்ப்ரோப் கட்டளையால் கையால் ஏற்றும்வரை டிரைவர் ஏறாது. அனுப்பும் பஃபரை ஸ்டாக்கில் வைக்காமல் கேமல்லாக் என்ற நினைவகச் செயல்கூறில் எடுங்கள். டிஎம்ஏ (சிபியு இல்லாமலே நினைவகத்தைப் படிக்கும் வன்பொருள்) ஸ்டாக் நினைவகத்தைத் தொட்டால் சில பலகைகளில் ஓடும், சிலவற்றில் குப்பை வரும். சிறிய பரிமாற்றங்களுக்கு ரைட்-தென்-ரீட் உதவிச் செயல்கூறு தானே நகலெடுத்துக்கொள்ளும், அதில் இந்தக் கவலை இல்லை.

ஸ்பைடெவ்வில் ஒரே முறையில் 4096 பைட்டுக்கு மேல் அனுப்பினால் மெசேஜ் டூ லாங் என்று திருப்பிவிடும். திரைக்கு ஃப்ரேம் அனுப்புகிறவர்கள் முதலில் முட்டுவது இதில்தான். பஃபர் அளவைக் குறிக்கும் பஃப்சிஸ் அளவுருவை மாட்யூல் ஏற்றும்போதோ, கர்னலுக்குள் சேர்த்திருந்தால் பூட் கட்டளை வரியிலோ உயர்த்த வேண்டும். ஓடிக்கொண்டிருக்கும்போது சிஸ்எஃப்எஸ்ஸில் அதைப் படிக்க மட்டுமே முடியும்.