"வழக்குச் செலவு என்னுடையது, ஜெயித்தால் பாதி எனக்கு": கேள்வி பதில்

நான் சிவில் வழக்குகளும் கொஞ்சம் நடுவர் மன்ற வழக்குகளும் (கோர்ட்டுக்குப் பதிலாக, இரு தரப்பும் ஒப்புக்கொண்ட நடுவர் தீர்ப்புச் சொல்பவை) நடத்தும் வக்கீல். அடுத்தவர் வழக்குக்குப் பணம் போடுவது, வர வேண்டிய பாக்கியை விலைக்கு விற்பது ஆகியவை பற்றி வந்த கேள்விகளில் பலருக்கும் பயன்படக்கூடியவற்றை எடுத்துக்கொண்டேன். உங்கள் பத்திரங்களைப் பார்க்காமல் சொல்லும் பதில்கள் இவை.

கும்பகோணம் பக்கம் அப்பாவின் நஞ்சை நிலம் இருக்கிறது சார். அண்ணன்கள் இருவரும் எனக்குப் பங்கு தர மறுக்கிறார்கள். ஊரில் ஒருவர் கேஸ் செலவு முழுவதையும் ஏற்கிறாராம், ஜெயித்தால் என் பங்கில் பாதி அவருக்கு. அக்ரிமென்ட்டும் பவர் பத்திரமும் தயாராக வைத்திருக்கிறார். இது சட்டப்படி செல்லுமா? அக்கா மகனிடம் கேட்டால் செல்லாது என்கிறான்.

செல்லக்கூடும் அம்மா. அதனால்தான் கையெழுத்துப் போடும் முன் யோசிக்கச் சொல்கிறேன்.

உங்கள் அக்கா மகன் சொல்வது இங்கிலாந்தின் பழைய சட்டம். அடுத்தவர் வழக்குக்குப் பணம் போட்டு, கிடைப்பதில் பங்கு கேட்பது அங்கே 1967 வரை குற்றமாகவே இருந்தது. அந்தச் சட்டம் இந்தியாவுக்குப் பொருந்தாது என்று ராம்குமார் குண்டு வழக்கில், அன்று இந்திய வழக்குகளுக்குக் கடைசி மேல்முறையீட்டு மன்றமாக இருந்த லண்டன் பிரிவி கவுன்சில் 1876-லேயே சொல்லிவிட்டது. உரிமை இருந்தும் வழக்கு நடத்தக் காசில்லாத ஒருவருக்கு உதவி செய்து, கிடைப்பதில் நியாயமான பங்கு கேட்டால் தப்பில்லை. ஆனால் நிபந்தனை கொள்ளையாக இருந்தாலோ, வழக்கை வைத்துச் சூதாடினாலோ, யாரையோ துன்புறுத்துவதற்காகவே வழக்குப் போட வைத்தாலோ அந்த ஒப்பந்தத்துக்குக் கோர்ட் துணை நிற்காது. இன்றைக்கும் அடிப்படை இதுதான். 2018-ல் பார் கவுன்சிலுக்கும் (வக்கீல்களின் ஒழுங்கு அமைப்பு) ஏ.கே. பாலாஜிக்கும் நடந்த வழக்கிலும் இந்தப் பேச்சு வந்தது. வெளிநாட்டு வக்கீல் நிறுவனங்கள் இங்கே தொழில் செய்யலாமா என்று சென்னை உயர் நீதிமன்றத்தில் தொடங்கிய வழக்கு அது. வக்கீல் அல்லாத மூன்றாம் நபர் பணம் போட்டு, வழக்கு முடிந்த பின் திரும்பப் பெறுவதற்குத் தடை எதுவும் இருப்பதாகத் தெரியவில்லை என்று உச்ச நீதிமன்றம் அதில் போகிற போக்கில் சொல்லியிருக்கிறது.

ஆகவே பாதி என்பது நியாயமா என்பதே கேள்வி. அவர் போடப்போகும் பணம் எவ்வளவு, நிலத்தின் மதிப்பு எவ்வளவு, தோற்கும் வாய்ப்பு எவ்வளவு, நீங்கள் புரிந்துகொண்டு கையெழுத்துப் போட்டீர்களா, உங்களுக்கென்று தனி வக்கீல் இருந்தாரா என்றெல்லாம் கோர்ட் பார்க்கும். ஆனால் அதைப் பார்க்க வைக்க நீங்கள் இன்னொரு வழக்கு நடத்த வேண்டியிருக்கும்.

அதற்கு முன் செலவைக் கணக்குப் போடுங்கள். தமிழ்நாட்டில் மதிப்பின் மேல் கட்டும் கோர்ட் ஃபீ 7.5 சதவீதமாக இருந்தது, 2017-ல் 3 சதவீதமாகக் குறைந்தது. பாகப்பிரிவினை வழக்கில், நீங்கள் இன்னும் கூட்டு அனுபவத்தில் இருப்பவர் என்றால், அந்தச் சதவீதம்கூடக் கிடையாது. நிலையான ஒரு சிறு கட்டணம்தான். அனுபவத்திலிருந்து வெளியேற்றப்பட்டவர் என்றால் கணக்கு மாறும். இன்னொன்று: 1987-ஆம் வருட சட்டப் பணிகள் ஆணையச் சட்டத்தின் 12-ஆவது பிரிவில் பெண்களுக்கு வருமான வரம்பே இல்லாமல் இலவச சட்ட உதவி உண்டு. உங்கள் ஊர் கோர்ட் வளாகத்திலேயே சட்டப் பணிகள் குழு இருக்கும், 15100 என்ற எண்ணிலும் கேட்கலாம். சில ஆயிரங்களில் தொடங்கக்கூடிய வழக்குக்குப் பாதி நஞ்சையை எழுதிக் கொடுக்கப் பார்க்கிறீர்கள்.

பவர் பத்திரம் வேண்டவே வேண்டாம். அது கையில் இருந்தால், உங்கள் அண்ணன்களோடு அவரே ராஜியாகப் போய்விட முடியும். உங்களுக்குத் தகவல் கடைசியில் வரும்.

என் கணவர் விபத்தில் இறந்துவிட்டார். வழக்கை எடுத்த வக்கீல் இப்போது ஃபீஸ் வேண்டாம், வரும் தொகையில் 25 சதவீதம் கொடுங்கள் என்கிறார். திருநெல்வேலி பக்கம் எல்லாரும் இப்படித்தான் என்கிறார்கள். சரியா?

நடைமுறையில் இருப்பது உண்மை. சரியில்லை என்பதும் உண்மை. வழக்கின் முடிவைப் பொறுத்துக் கட்டணம் பேசக் கூடாது, வழக்கில் பங்கு வாங்கக் கூடாது என்று பார் கவுன்சில் விதிகளே சொல்கின்றன. மற்றவர் செய்தால் ஒப்பந்தம், வக்கீல் செய்தால் ஒழுங்கீனம் என்பதை உச்ச நீதிமன்றம் 1954-லேயே தெளிவாக்கிவிட்டது.

2017-ல் வந்த பி. சுனிதா வழக்கு உங்கள் கதைதான். அந்தப் பெண்ணும் விபத்தில் கணவரை இழந்தவர். இழப்பீட்டில் சதவீதக் கணக்குப் போட்டு வக்கீல் செக் வாங்கியிருந்தார். செக் திரும்பியதும் அந்தப் பெண் மேல் வக்கீல் 138-ஆவது பிரிவில் செக் மோசடி வழக்குப் போட்டார். உச்ச நீதிமன்றம் அந்தச் செக் வழக்கையே ரத்து செய்தது. உங்கள் வக்கீலிடம் ஒரு தொகையாகக் கட்டணம் பேசி, எழுதி வாங்குங்கள். வெற்றுச் செக்கோ, எழுதாத ஸ்டாம்ப் பேப்பரில் கையெழுத்தோ கொடுத்திருந்தால் இன்றே திருப்பிக் கேளுங்கள்.

அப்படியானால் அந்த இழப்பீட்டு வழக்கையே வேறு ஒருவருக்கு விற்றுவிட்டு உடனே பணம் வாங்க முடியுமா?

முடியாது. 1882-ஆம் வருட சொத்து மாற்றச் சட்டம் 6(e) பிரிவின்படி, வழக்குப் போடும் வெறும் உரிமையைக் கைமாற்ற முடியாது. விபத்து, அவதூறு, ஏமாற்று இவற்றால் நஷ்டஈடு கேட்கும் உரிமை உங்களோடு ஒட்டியது. தொகை முடிவான பின் அது கடன் போல ஆகிவிடும், நிலைமை மாறலாம். ஆனால் விபத்து வழக்குகளில் தீர்ப்பாயம் பெரும்பகுதியை உங்கள் பெயரிலும் குழந்தைகள் பெயரிலும் வங்கியில் வைப்பாகப் போடச் சொல்வது வழக்கம். சுசம்மா தாமஸ் வழக்கில் 1994-ல் உச்ச நீதிமன்றம் அப்படி வழிகாட்டியது. தரகர்கள் கைக்கு முழுப் பணமும் போகாமல் இருப்பதற்கு இந்த ஏற்பாடு பெரிய உதவி.

திருப்பூரில் சின்ன தையல் யூனிட் வைத்திருக்கிறேன் அண்ணா. ஒரு ஏற்றுமதியாளர் பில் பாக்கி 38 லட்சம் தராமல் இழுக்கிறார். அந்தப் பாக்கியை 20 லட்சத்துக்கு வாங்கிக்கொள்கிறேன் என்று ஒருவர் வந்திருக்கிறார். விற்கலாமா?

விற்கலாம். உங்களிடம் இருப்பது வெறும் வழக்குரிமை அல்ல, வர வேண்டிய கடன். சொத்து மாற்றச் சட்டம் 130-ஆவது பிரிவின்படி, எழுத்தில், உங்கள் கையெழுத்தோடு கைமாற்றினால் போதும். ஆனால் பணம் தர வேண்டிய ஏற்றுமதியாளருக்கு எழுத்தில் நோட்டீஸ் போக வேண்டும். அதற்கு முன் விஷயம் தெரியாமல் அவர் உங்களிடமே பணம் கொடுத்துவிட்டால், வாங்கியவருக்கு அது நஷ்டம், உங்களுக்குத் தலைவலி. வாங்குபவர் வக்கீலாகவோ கோர்ட் ஊழியராகவோ இருக்கக் கூடாது, 136-ஆவது பிரிவு தடுக்கிறது.

அப்புறம், பத்திரத்தில் ஒரு வரியைத் தேடுங்கள். "வசூலாகாவிட்டால் விற்றவர் பணத்தைத் திருப்பித் தர வேண்டும்" என்று இருந்தால் அது விற்பனையே அல்ல. பாக்கியை அடமானம் வைத்து 20 லட்சம் கடன் வாங்கியிருக்கிறீர்கள், அவ்வளவுதான்.

இன்னொரு வழியும் இருக்கிறது. சிறு தொழிலாகப் பதிவு செய்திருந்தால், 2006-ஆம் வருடச் சட்டப்படி உங்கள் பில்லுக்கு அதிகபட்சம் 45 நாள்தான் கெடு. தாண்டினால் ரிசர்வ் வங்கியின் வங்கி வட்டி விகிதத்தைப் போல மூன்று மடங்கு, அதுவும் கூட்டு வட்டி. இதற்கென்று தனிக் கவுன்சில் இருக்கிறது. பெரும்பாலும் அங்கிருந்து நோட்டீஸ் போனதுமே எதிர்த் தரப்பு பேச வருகிறது. 20 லட்சம் தர முன்வருபவர் இதைத் தெரிந்துகொண்டுதான் கேட்கிறாரோ என்று எனக்குச் சந்தேகம். கடைசி பில் தேதியிலிருந்து மூன்று வருடம் தாண்டவில்லையே என்பதையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

இன்னொருவர் பெயரில் இருக்கும் புரோநோட்டை மேடோவர் செய்து (கைமாற்றி) வாங்கலாமா?

பின்னால் எழுதிக் கையெழுத்துப் போட்டு வாங்கலாம், காலம் காலமாக நடப்பதுதான். மூன்று வருடக் கெடு முதல் தேதியிலிருந்தே ஓடும், உங்கள் கைக்கு வந்த நாளிலிருந்து அல்ல.

டிகிரி (பணம் தரச் சொல்லும் கோர்ட் தீர்ப்பாணை) ஆன வழக்கு. எதிரி சொத்தை மறைத்துவிட்டார், நான் அலைந்து ஓய்ந்துவிட்டேன். டிகிரியை விற்க முடியுமா?

முடியும். சிவில் நடைமுறைச் சட்டம் கட்டளை 21, விதி 16 அதற்குத்தான். வாங்கியவர் தன் பெயரில் நிறைவேற்று மனு போடலாம், உங்களுக்கும் எதிரிக்கும் நோட்டீஸ் போகும். எதிரிக்கு உங்கள் மேல் இருக்கும் கணக்குகளும் டிகிரியோடு சேர்ந்தே போகும், அதனால் வாங்குபவர் விலையைக் குறைப்பார். பொதுவாக 12 வருடம் வரை நிறைவேற்றலாம். எத்தனை வருடம் மிச்சம் இருக்கிறதோ அதுவும் விலையில் தெரியும்.

இதெல்லாம் ஊர்ப் பஞ்சாயத்து அளவில்தானா, பெரிய கம்பெனிகள் செய்கின்றனவா?

பெரிய பணம் அங்கேதான். சாலை, பாலம் கட்டும் நிறுவனங்களுக்கு அரசுத் துறைகளிடமிருந்து வர வேண்டிய தொகை நடுவர் தீர்ப்பாகி, மேல்முறையீட்டில் வருடக்கணக்கில் கிடக்கும். ஹிந்துஸ்தான் கன்ஸ்ட்ரக்‌ஷன் நிறுவனம் 2019-ல் இப்படிக் கிடந்த தீர்ப்புகளையும் கோரிக்கைகளையும் ஒரு தொகுப்பாக்கி, பிளாக்ராக் உள்ளிட்ட முதலீட்டாளர்களுக்கு 1,750 கோடி ரூபாய்க்குக் கைமாற்ற ஒப்பந்தம் போட்டது. வங்கிகள் வாராக்கடனை, அதை வாங்கி வசூலிக்கும் சொத்து சீரமைப்பு நிறுவனங்களுக்கு விற்பதும் இதே குடும்பம்தான்.

உலக அளவில் எல்லாரும் பேசுவது அர்ஜென்டினா வழக்கு. 2012-ல் அந்த அரசு ஒய்.பி.எஃப். எண்ணெய் நிறுவனத்தைத் தேசியமயமாக்கியது. அதில் பங்கு வைத்திருந்த பீட்டர்சன் நிறுவனங்கள் ஸ்பெயினில் திவாலாகின. அவர்களுடைய வழக்கை பர்ஃபோர்ட் என்ற நிதி நிறுவனம் 1.5 கோடி யூரோ கொடுத்துப் பிடித்தது. 2023-ல் பீட்டர்சனுக்கும் இன்னொரு பங்குதாரருக்கும் சேர்த்து நியூயார்க் நீதிமன்றம் வழங்கச் சொன்ன மொத்தத் தொகை 1,610 கோடி டாலர். அதற்கு முன்பே பர்ஃபோர்ட் தன் உரிமையில் ஒரு பகுதியை மற்ற முதலீட்டாளர்களுக்கு 23.6 கோடி டாலருக்கு விற்று, போட்ட காசைப் பல மடங்கு எடுத்துவிட்டது. அர்ஜென்டினா மேல்முறையீட்டுக்குப் போனது. கடைசியில் ஒரு ரூபாய் வராவிட்டாலும் அவர்களுக்கு லாபம்தான்.

சிங்கப்பூர் 2017-ல் சர்வதேச நடுவர் வழக்குகளுக்கு மூன்றாம் நபர் நிதியைச் சட்டமாக்கியது. இங்கே இதற்கென்று தனிச் சட்டம் இன்னும் இல்லை.

தோற்றுவிட்டால் எதிர்த் தரப்பின் செலவைப் பணம் போட்டவர் தர வேண்டுமா?

ஒப்பந்தத்தில் அவர் ஒப்புக்கொண்டிருந்தால் தர வேண்டும். இல்லாவிட்டால், டெல்லி உயர் நீதிமன்றம் 2023-ல் டுமாரோ சேல்ஸ் ஏஜென்சி வழக்கில் சொன்னதைப் பாருங்கள். நடுவர் வழக்கில் தரப்பாக இல்லாத, தீர்ப்பில் பெயர் இல்லாத நிதியாளரிடம் போய் செலவைக் கேட்க முடியாது என்றது. நிதி கிடைப்பது நியாயம் கேட்க வழி செய்கிறது என்றும் சொன்னது. மகாராஷ்டிரம் போன்ற சில மாநிலங்களில் சிவில் வழக்கில் பணம் போட்டுப் பங்கு பேசியவரிடம் செலவுக்குப் பிணை கேட்க விதியிலேயே இடம் இருக்கிறது. எனக்கு அது நல்ல ஏற்பாடாகத் தெரிகிறது. லாபத்தில் பங்கு கேட்பவர் எதிர்த் தரப்பின் செலவுக்கும் பதில் சொல்லட்டும்.

ஜெயித்தும் கைக்கு ஒன்றும் வராமல் போகுமா?

போகும். பிரிட்டனில் தபால் அலுவலகக் கணினி தவறாகக் காட்டிய கணக்கால், கிளை நடத்தியவர்கள் மேல் திருட்டுப் பழி விழுந்தது. 555 பேர் சேர்ந்து வழக்குப் போட்டார்கள், நிதி நிறுவனம் ஒன்று செலவை ஏற்றது. 2019-ல் 5 கோடியே 77.5 லட்சம் பவுண்டுக்குச் சமரசம் ஆனது. வக்கீல் செலவும் நிதியாளர் பங்கும் போக மிஞ்சியது சுமார் 1.2 கோடி பவுண்டு, தலைக்கு ஏறக்குறைய 20,000. வேலை, வீடு, மானம் இழந்தவர்களுக்கு. அரசு தனியாக நஷ்டஈடு கொடுக்க ஆரம்பித்ததெல்லாம் பிற்பாடு.

நிதியாளர் இல்லாவிட்டால் அந்த வழக்கே நடந்திருக்காது என்பதையும் சொல்ல வேண்டும். ஆகவே ஒப்பந்தத்தில் சதவீதத்தை மட்டும் பார்க்காதீர்கள். வரும் பணத்தில் முதலில் யார் எடுப்பது, போட்ட முதல் எத்தனை மடங்காகத் திரும்பும், வழக்கு நீண்டால் அந்த மடங்கு ஏறுமா, தொகை குறைவாக வந்தால் உங்களுக்குக் குறைந்தபட்சம் ஏதாவது உண்டா என்பதைப் பாருங்கள். சமரசத்துக்குச் சம்மதம் சொல்லும் உரிமை உங்களிடமே இருக்க வேண்டும்.

ஒரு செயலி, பலரிடம் பணம் திரட்டி வழக்குகளில் முதலீடு செய்கிறதாம். 5 லட்சம் போட்டால் வருடம் 24 சதவீதமாம். போடலாமா?

வழக்கு எப்போது முடியும் என்று எனக்கே தெரியாது, அவர்களுக்கு எப்படி வருட வட்டி தெரிகிறது? பலரிடம் பணம் சேர்த்து முதலீடு செய்வது என்றால் முதலீட்டுச் சந்தையைக் கண்காணிக்கும் செபியின் பதிவு எண்ணைக் கேளுங்கள். அதை செபி இணையதளத்தில் நீங்களே சரிபாருங்கள். எந்த வழக்கு, எந்த கோர்ட், என்ன எண் என்று கேளுங்கள். ரகசியம் என்றால் விட்டுவிடுங்கள்.