கேள்வி – பதில்: எரிவாயு ஒப்பந்தமும் இறையாண்மையும்

கேள்வி: வெளிநாடுகளோடு எரிவாயு ஒப்பந்தம் செய்யும் அதிகாரத்தை ஐரோப்பிய ஒன்றியம் உறுப்பு நாடுகளிடமிருந்து மெல்லத் தன்வசமாக்கி வருகிறதே, இது இறையாண்மையைப் பறிப்பதாகாதா?
– வாசகர், வாணியம்பாடி

பதில்: பாலாற்றங்கரைக்காரரான தங்களுக்கு இதன் நியாயம் எளிதில் விளங்கும். 1892ஆம் ஆண்டின் சென்னை – மைசூர் ஒப்பந்தம், பாலாறு உள்ளிட்ட ஆறுகளில் புதிதாக அணை கட்டுமுன் கீழ்ப்பகுதி அரசின் இசைவைப் பெற வேண்டும் என்கிறது. ஆந்திர எல்லையிலுள்ள புல்லூர்த் தடுப்பணையின் உயரம் கூட்டப்பட்ட பின் முறையிடுவது எவ்வளவு கடினம் என்பதை நம் வட்டார விவசாயிகள் அறிவார்கள். ஒரு நாட்டின் முடிவு அண்டை நாட்டைப் பாதிப்பது எரிவாயுவிலும் உண்டு.

2009 ஜனவரியில் ரஷ்யாவுக்கும் உக்ரைனுக்கும் தகராறு முற்றி, உக்ரைன் வழியாக ஐரோப்பாவுக்கு வந்த எரிவாயு ஏறத்தாழ இரண்டு வாரங்கள் நின்றுபோனபோது, அதில் எந்தப் பங்குமில்லாத பல்கேரியாவும் ஸ்லோவாக்கியாவும் கடும் குளிரில் தவித்தன. அவ்வாண்டு டிசம்பரில் நடைமுறைக்கு வந்த, ஒன்றியத்தின் அடிப்படை விதிகளைத் திருத்திய லிஸ்பன் ஒப்பந்தம், எரிசக்தியை ஒன்றியமும் நாடுகளும் பகிர்ந்துகொள்ளும் துறையாக்கியது. எனினும் எந்த எரிபொருளைத் தேர்வது என்ற உரிமையை நாடுகளிடமே விட்டுவைத்தது. ஆகவே பறிப்பு என்பது மிகையான சொல் என்றே கருதுகிறேன்.

2012இல் வந்த விதிப்படி, கையெழுத்திட்ட பின் ஒப்பந்தத்தை ஒன்றியத்தின் நிர்வாக அமைப்பான ஐரோப்பிய ஆணையத்துக்குத் தெரிவித்தால் போதும் என்றிருந்தது. இது பயன் தரவில்லை. பல்கேரியா, ஹங்கேரி முதலிய நாடுகள் கருங்கடல் வழியாக ரஷ்ய எரிவாயுவைக் கொண்டுவரத் திட்டமிட்ட சவுத் ஸ்ட்ரீம் குழாய்க்காக ரஷ்யாவோடு செய்திருந்த ஒப்பந்தங்கள் ஒன்றியச் சட்டத்துக்கு முரணானவை என்று 2013 டிசம்பரில் ஆணையம் அறிவித்தபோது, அவை ஏற்கெனவே கையெழுத்தாகியிருந்தன. மறு ஆண்டு ரஷ்யா திட்டத்தையே கைவிட்டது. அதனால்தான் 2017 முதல், எரிவாயு, எண்ணெய் தொடர்பாக அரசுகளுக்கிடையே செய்யப்படும் ஒப்பந்தங்களின் வரைவு கையெழுத்துக்கு முன்பே ஆணையத்தின் பரிசீலனைக்குப் போக வேண்டும் என்றாயிற்று. நிறுவனங்கள் தமக்குள் செய்துகொள்ளும் ஒப்பந்தங்கள் இதற்குள் வாராதது பெருங்குறை.

கேள்வி: அந்த ஆணையமே தவறு செய்தால் யாரிடம் முறையிடுவது?
– வாசகி, காட்பாடி

பதில்: நீதிமன்றத்தில்தான். ஜெர்மனியிலுள்ள ஓபல் என்ற எரிவாயுக் குழாயை ரஷ்ய நிறுவனமான காஸ்ப்ரோம் கூடுதலாகப் பயன்படுத்த ஆணையம் 2016இல் இசைந்தது. தனக்கு வரும் எரிவாயுவுக்கு இது ஊறு என்று போலந்து வழக்குத் தொடுத்தது. அந்த முடிவு 2019இல் ரத்தானது. ஜெர்மனி மேல்முறையீடு செய்தும், எரிசக்தியில் ஒரு நாட்டின் நலனை மற்றவை கருத வேண்டும் என்ற கோட்பாடு ஆணையத்தையும் கட்டுப்படுத்தும் என்று 2021இல் ஒன்றியத்தின் உச்ச நீதிமன்றம் உறுதிசெய்தது. இத்தகைய நீதிமன்றம் இருப்பதால்தான் அதிகாரம் நாடுகளுக்கு மேலே செல்வதை நான் ஆதரிக்கிறேன். அது இல்லாத கூட்டமைப்பில் இம்மாற்றம் நேர்ந்தால் எதிர்ப்பேன்.