ஆட்டம் (Atom) ஃபீடில் தலைப்பு இருக்கிறது, பைத்தானின் ஃபைண்ட் மட்டும் 'நன்' (None, எதுவும் கிடைக்கவில்லை) என்கிறதே, ஏன்?

பெங்களூரில் நடக்கும் தமிழ் நிகழ்ச்சிகளைப் பல ஃபீடுகளிலிருந்து (தளங்கள் தங்கள் புதிய பதிவுகளைப் பட்டியலிட்டுத் தரும் எக்ஸ்எம்எல் கோப்புகள்) ஒரே பக்கத்தில் தொகுக்கிறீர்கள்; ஆர்எஸ்எஸ் 2.0 ஃபீடுகள் ஒழுங்காக வருகின்றன, ஆட்டம் மட்டும் மக்கர் செய்கிறது. காரணம் நேம்ஸ்பேஸ், அதாவது ஒரு டேக் பெயர் எந்தத் தொகுப்பைச் சேர்ந்தது என்று காட்டும் அடையாளம். ஆட்டம் கோப்பின் முதல் டேகிலேயே இயல்பு நேம்ஸ்பேஸ் முகவரி ஒன்று அறிவிக்கப்பட்டிருக்கும். அதற்குள் வரும் முன்னொட்டில்லாத டேகுகள் எல்லாமே அந்த முகவரிக்குச் சொந்தம். கண்ணுக்கு 'டைட்டில்' என்று தெரிவது, பார்சருக்கு (கோப்பைப் பகுத்துப் படிக்கும் நிரலுக்கு) முகவரியோடு சேர்ந்த நீளப்பெயர்.

பைத்தானோடு வரும் எக்ஸ்எம்எல் நூலகமான எலிமென்ட்ட்ரீயில் ஒரு டிக்‌ஷனரி எடுத்து, நீங்களே வைக்கும் முன்னொட்டுக்கு அந்த முகவரியைக் கொடுங்கள். ஃபைண்ட், ஃபைண்ட்ஆல் இரண்டுக்கும் அதையே அனுப்பி, டேக் பெயருக்கு முன்னால் முன்னொட்டும் முக்காற்புள்ளியும் சேருங்கள். முகவரியில் ஓர் எழுத்து பிசகினாலும் பிழைச்செய்தி வராது, மறுபடி நன்தான். பைத்தான் 3.8 முதல் டேக் பெயருக்கு முன்னால் நெளிவு அடைப்புக்குள் நட்சத்திரக் குறி போட்டும் தேடலாம். அவசரத்துக்கு ஆகும், அவ்வளவே.

அடுத்து தமிழ் எழுத்துகள் சிதையும். ஃபீடை இறக்கும் ரிக்வெஸ்ட்ஸ் நூலகத்தின் 'டெக்ஸ்ட்' வேண்டாம், 'கன்டென்ட்' தரும் பைட்டுகளைப் பார்சருக்குக் கொடுங்கள். சர்வர் வெறும் 'டெக்ஸ்ட்/எக்ஸ்எம்எல்' என்று மட்டும் சொல்லிக் குறியாக்கத்தைச் சொல்லாவிட்டால், 'டெக்ஸ்ட்' அதை ஐஎஸ்ஓ-8859-1 என்றே எடுத்துக்கொள்ளும்.

ரெகெக்ஸால் (எழுத்து வடிவங்களைக் கொண்டு தேடும் முறையால்) டேகுகளைப் பிய்க்கும் யோசனையை விட்டுவிடுங்கள். வெளியாள் ஃபீடு என்பதால் டிஃப்யூஸ்டுஎக்ஸ்எம்எல் (defusedxml) என்ற பாதுகாப்பு நூலகம் வழியாகப் படியுங்கள். என்டிட்டிகளை (வேறு உரைக்குப் பதிலாக நிற்கும் சுருக்கப் பெயர்களை) அடுக்கடுக்காக விரியவைத்து நினைவகத்தை நிரப்பும் கோப்புகளை அது மறுத்துவிடும்.